அமெரிக்காவின் வடகிழக்கு மலைகளின் பனி நிலவரத்தைப் பிறருக்குப் பயன்படும்படி எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. பாஸ்டனில் ஒருவர் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வெர்மான்ட் போவதா வேண்டாமா? அன்று அங்குள்ள மலையில் ஸ்கீ செய்துவிட்டு, அதாவது பனியில் சறுக்கிவிட்டு வந்த யாராவது எழுதிய நாலு வரியைத்தான் அவர் தேடுகிறார். "செம நாள், பனி அருமை!" என்ற வரி அவருக்கு எதையும் சொல்வதில்லை.

நான் பல குளிர்காலங்களாக இப்படி எழுதி வருகிறேன். புதிதாக எழுத வருபவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில் தடுமாறுவதையும் பார்த்துவிட்டேன். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களும் அதில் அடக்கம். மலையில் இருக்கும்போது கவனிக்காமல் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவதுதான் முக்கால்வாசிப் பிழைகளுக்குக் காரணம். அதனால்தான் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யச் சொல்கிறேன்.

ஸ்கீ மலையை நடத்தும் நிர்வாகமே தினமும் பனி அறிக்கை போடுகிறதே என்று கேட்கலாம். டார்ட்மத் கல்லூரியின் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, 2016இல் வெளியிட்டார்கள். ஸ்கீ மலைகள் வார நாட்களைவிட வார இறுதியில் அதிகப் புதுப்பனி விழுந்ததாகச் சொல்லிக்கொள்வது அதில் தெரிந்தது. சறுக்குபவர்களே போனிலிருந்து உடனுக்குடன் நிலவரம் சொல்லும் வசதி வந்ததும் அந்த மிகைப்படுத்தல் சட்டென்று குறைந்தது. உங்கள் நாலு வரிக்கு அவ்வளவு பலன் இருக்கிறது.

அளவுகளை ஃபாரன்ஹீட், அங்குலம், அடி என்றே தருகிறேன். அந்த ஊர்க்காரர்கள் பேசுவது அப்படித்தான்.

1. முந்தின இரவே சேர்த்து வைக்க வேண்டியவை

முதலில், கடந்த ஐந்து நாள் வானிலை. வடகிழக்கில் பனியின் தரத்தைத் தீர்மானிப்பது நேற்று விழுந்த பனி மட்டுமல்ல, அதற்கு முன் மழை பெய்ததா, வெப்பம் உறைநிலையான 32 டிகிரிக்கு மேல் போய்த் திரும்ப உறைந்ததா என்பதும்தான். செவ்வாயன்று மழை, புதனன்று கடும் உறைவு, வியாழனன்று மூன்று அங்குலம் பனி என்றால், வெள்ளிக்கிழமை நீங்கள் சறுக்கப்போவது கல்போன்ற தளத்தின் மேல் தூவிய மாவில். இதைத் தெரிந்துகொண்டு போனால்தான், மலையில் காண்பதன் காரணம் உங்களுக்குப் புரியும்.

எங்கே பார்ப்பது? தேசிய வானிலைச் சேவையின் பர்லிங்டன் அலுவலகம் வடக்கு வெர்மான்ட்டையும் வடக்கு நியூயார்க்கையும் பார்த்துக்கொள்கிறது. மவுண்ட் ஸ்நோ, ஸ்ட்ராட்டன் இருக்கும் தெற்கு வெர்மான்ட் ஆல்பனி அலுவலகத்தின் கீழ் வருகிறது. நியூ ஹாம்ப்ஷயருக்கும் மேற்கு மெய்னுக்கும் கிரே அலுவலகம். உயரமான சிகரங்களுக்கென்றே மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் தனி முன்னறிவிப்பு தருகிறது.

அடுத்து, மலை நிர்வாகத்தின் அன்றைய அறிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறுநாள் காலையில் அது மாறிவிடும். முதல்நாள் என்ன சொன்னார்கள், நேரில் என்ன இருந்தது என்று ஒப்பிட அது கையில் இருக்க வேண்டும்.

தடங்களின், அதாவது சறுக்கும் பாதைகளின், வரைபடத்தையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. போனை உள்சட்டைப் பையில், உடம்பை ஒட்டி வையுங்கள். வெளிப்பையில் வைத்தால் பத்து டிகிரிக் குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.

கடைசியாக, உங்கள் ஸ்கீயின் (காலில் மாட்டும் சறுக்குப் பலகையின்) விளிம்பை எப்போது கூர் தீட்டினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மழுங்கிய விளிம்போடு போனால் எல்லாத் தடமும் ஐஸ் மாதிரிதான் தெரியும். அந்தக் குறையைப் பனியின் மேல் ஏற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

2. வண்டி நிறுத்துமிடத்திலேயே தொடங்குங்கள்

வந்து சேர்ந்த நேரம், அடிவார வெப்பநிலை, காற்று, வானம். நான்கையும் பூட்ஸ் மாட்டும் முன் குறியுங்கள். அப்புறம் ஞாபகம் வராது.

புதுப்பனியை அளக்க ஆசைப்பட்டால், காற்று அடித்துக் குவிக்காத, மரமோ சுவரோ ஒட்டாத சமதளத்தில் மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். தடத்தின் ஓரத்தில் கையிலிருக்கும் ஸ்கீ கோலைக் குத்திவிட்டு "பத்து அங்குலம்!" என்று எழுதுவது புதியவர்களின் வழக்கமான பிழை. அங்கே இருப்பது காற்றும், மற்றவர்களின் ஸ்கீயும் ஒதுக்கித் தள்ளிய பனி.

ஆழத்தோடு எடையையும் சொல்லுங்கள். ஒரு அங்குல மழைக்கு ஈடான நீர் சராசரியாகப் பத்து அங்குலப் பனியாகும். வடக்கு வெர்மான்ட்டில், ஜே பீக், ஸ்மக்லர்ஸ் நாட்ச் பக்கம், காற்று மலையில் மோதி மேலேறும்போது விழும் பனி மிக லேசானது. அதே நீர் இருபது அங்குலமாகவும் நிற்கும். எட்டு அங்குல லேசான பனி, நாலு பேர் போனதும் அடியிலுள்ள பழைய தளத்தைக் காட்டிவிடும். நாலு அங்குல ஈரப்பனியோ அந்தத் தளத்தை ஒட்டி மூடும். ஆகவே "எட்டு அங்குலம், ஊதினால் பறக்கிறது" என்றோ "நாலு அங்குலம், உருட்டினால் உருண்டை பிடிக்கிறது" என்றோ எழுதினால்தான் படிப்பவருக்கு விளங்கும்.

3. முதல் மூன்று ஓட்டங்களைக் கவனிப்பதற்கென்று ஒதுக்குங்கள்

முதல் ஓட்டம், உச்சியிலிருந்து அடிவாரம் வரை, இரவில் இயந்திரம் சீவிச் சமப்படுத்திய ஒரு தடத்தில். அதுதான் அந்த மலையின் அன்றைய சிறந்த நிலை. மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடலாம்.

இரண்டாவது, செயற்கைப் பனி போட்ட, ஆனால் சீவாத தடம். மூன்றாவது, இயற்கைப் பனியை மட்டும் நம்பியிருக்கும் தடம், திறந்திருந்தால்.

இந்த மூன்றையும் பிரிக்காமல் எழுதுவதுதான் நான் காணும் பிழைகளில் பெரியது. வெர்மான்ட்டின் மேட் ரிவர் பள்ளத்தாக்கில் ஷுகர்புஷ், மேட் ரிவர் க்ளென் இரண்டும் சில மைல் தூரத்தில் இருக்கின்றன. வானத்திலிருந்து விழுவது ஏறக்குறைய ஒரே பனி. ஆனால் மேட் ரிவர் க்ளென் பெரும்பாலும் இயற்கைப் பனியை நம்பி ஓடுகிறது. ஷுகர்புஷ்ஷில் பனி இயந்திரங்கள் ஏராளம். ஒரு மழைக்குப் பின் ஒன்றில் புல் தெரியும், மற்றதில் தடங்கள் திறந்திருக்கும். ஸ்டோவில் ஒரே மலைக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. நேஷனல், லிஃப்ட்லைன் தடங்களுக்குச் செயற்கைப் பனி உண்டு. பக்கத்திலிருக்கும் கோட், ஸ்டார் இரண்டும் வானத்தை நம்பியவை.

ஒவ்வொரு முறை லிஃப்டில் (மேலே ஏற்றிச் செல்லும் கம்பிவட இருக்கையில்) ஏறும்போதும் ஒரு வரி குறியுங்கள்: தடத்தின் பெயர், மணி, ஒரே ஒரு சொல்லில் பனி. கையுறையைக் கழற்ற முடியாத குளிரில் போனில் குரலாகப் பதிந்துகொள்ளலாம். லிஃப்டிலிருந்து கீழே பாருங்கள். சறுக்குபவர்கள் திரும்பும்போது ஓசை வருகிறதா, எந்த இடத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

4. பனிக்குச் சரியான பெயரைச் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வடகிழக்குக்குப் புதிதாக வருபவர்கள் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலே "எல்லாம் ஐஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர் அந்தச் சொல்லைக் கண்டால் வண்டியே எடுக்கமாட்டார். ஆனால் அன்று இருந்தது ஐஸாகவே இருந்திருக்காது.

பவுடர் என்பது யாரும் மிதிக்காத புதுப்பனி. கோலமாவு போலப் பொலபொலவென்று இருக்கும். ஒருமுறை எல்லோரும் ஓடிக் கலைத்த பிறகு அதை பவுடர் என்று சொல்லாதீர்கள். "கலைந்த பவுடர்" என்று சொல்லுங்கள்.

பேக்ட் பவுடர் அதே பனி அழுந்தியது. விளிம்பு ஓசையில்லாமல் பிடிக்கும். காலை ஒன்பது மணிக்குச் சீப்பால் வாரியது போல் வரிவரியாக இருப்பது பெரும்பாலும் இதுதான். வரி இருப்பதாலேயே மென்மை என்று நினைக்க வேண்டாம். உறைந்த வரியும் உண்டு, பல் கிடுகிடுக்கும்.

லூஸ் கிரானுலர் என்பது உருகி உறைந்த பனியை இயந்திரம் அரைத்துப் போட்டது. சர்க்கரை மாதிரி தனித்தனி மணியாகச் சிதறும். பார்க்க அழகில்லை, ஆனால் சறுக்க நன்றாகவே இருக்கும். மழை பெய்த மறுநாள் இது கிடைத்தால் நல்ல நாள்.

ஃப்ரோஸன் கிரானுலர் அந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியது. மழைக்காலத்தில் கட்டிதட்டிப்போன உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஐஸுக்கும் வித்தியாசம் காண ஒரு பழைய சோதனை இருக்கிறது. தடத்தின் ஓரமாக நின்று ஸ்கீ கோலைக் குத்துங்கள். கோல் குத்திட்டு நின்றால் ஃப்ரோஸன் கிரானுலர். சில்லு தெறித்து, கோல் நிற்காமல் சாய்ந்தால் ஐஸ். ஐஸுக்கு நிறமும் உண்டு: சாம்பலோ நீலமோ கலந்த பளபளப்பு, சில சமயம் அடியிலுள்ள மண்கூடத் தெரியும்.

கார்ன் மார்ச், ஏப்ரலின் பரிசு. இரவில் உறைந்து பகலில் இளகி, ஊறின ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக இருக்கும். இது சில மணி நேரமே நிற்கும். நேரம் குறிக்காமல் "கார்ன் கிடைத்தது" என்று எழுதினால் மறுநாள் போகிறவர் உறைந்த தடத்தில் காலை எட்டரைக்கு நிற்பார்.

இன்னும் இரண்டு. கெட்டித் தளத்தின் மேல் ஒன்றிரண்டு அங்குலம் புதுப்பனி இருந்தால் "டஸ்ட் ஆன் க்ரஸ்ட்" என்பார்கள். படத்தில் பவுடர் போலவே தெரியும், மிக ஏமாற்றக்கூடியது. சீவும் இயந்திரம் விட்டுப்போன, கைப்பிடி அளவு உறைந்த கட்டிகள் "டெத் குக்கீஸ்". இவற்றைக் கண்டால் எந்தத் தடம் என்று கட்டாயம் எழுதுங்கள். புதிதாகக் கற்பவர் இவற்றில்தான் விழுகிறார்.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "விளிம்பு பிடித்தது, ஆனால் கரகரவென்று சத்தம் வந்தது" என்று உணர்ந்ததை எழுதினாலே போதும். தவறான பெயரைவிட அது மேல்.

5. மணி, உயரம், திசை

பனி ஒரே நாளில் மூன்று முறை மாறும். சனிக்கிழமை காலை பேக்ட் பவுடராக இருந்த தடம், ஆயிரம் பேர் ஓடிய பிறகு, பதினொரு மணிக்கு நடுவில் வழித்து கெட்டியாகிவிடும். மென்மையான பனியெல்லாம் ஓரத்துக்குப் போயிருக்கும். அப்போது "நடுவில் கெட்டி, இடது ஓரம் நல்ல பனி" என்று எழுதினால் அது தங்கம். மாசசூசெட்ஸ் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் பிப்ரவரி பிரசிடென்ட்ஸ் தின வாரத்தில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும்.

என் தொடக்க காலத்தில் ஒரு மார்ச் காலையில் ஒன்பதரைக்கு எழுதி அனுப்பினேன்: "முழுக்க உறைந்து கிடக்கிறது, வராதீர்கள்." மணியைக் குறிக்கவில்லை. பதினொரு மணிக்கு வெயில் ஏறி, அந்தப் பருவத்தின் மிக நல்ல கார்ன் வந்தது. என் வரியை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட நண்பரிடம் அன்று மாலை பேசியது இன்னும் மனதில் உறுத்துகிறது. அன்றிலிருந்து மணி இல்லாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை.

உயரத்துக்கும் அதே கவனம் வேண்டும். ஆயிரம் அடி ஏறினால் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து டிகிரி குறையும். நியூயார்க்கின் வைட்ஃபேஸில் லிஃப்ட் ஏற்றும் உயர வித்தியாசமே மூவாயிரம் அடிக்கு மேல். அடிவாரத்தில் 35 டிகிரியில் மழை தூறும்போது உச்சியில் பனி விழும். "மழை பெய்தது" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. எந்த உயரத்தில் மழை பனியானது, எந்த லிஃப்ட் கோபுரத்தருகே மாற்றம் தெரிந்தது என்று எழுதுங்கள். சில காலைகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, அடிவாரம் உச்சியைவிடக் குளிராக இருக்கும். அதனால் ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காமல் இரண்டையும் பாருங்கள்.

வெயில் காலத்தில் கிழக்கும் தெற்கும் பார்த்த சரிவுகள் முதலில் இளகும். வடக்கு பார்த்தவை பகல் முழுக்க உறைந்தே கிடக்கலாம். பிற்பகலில் நிழல் விழுந்ததும் திரும்ப இறுகும்.

பெரிய மலைகளில் எந்தப் பகுதி என்பதையும் சொல்ல வேண்டும். வெர்மான்ட்டின் கில்லிங்டன் பல சிகரங்களில் பரந்து கிடக்கிறது. "கில்லிங்டன் நன்றாக இருந்தது" என்பது ஒரு மாவட்டம் முழுவதும் வெயில் அடித்தது என்பதற்குச் சமம். சூப்பர்ஸ்டார் தடத்தில் செயற்கைப் பனியை மலையாகக் குவிப்பதால் அது மே மாதம்கூட ஓடும். அப்போது மற்ற தடங்களில் புல் முளைத்திருக்கும்.

6. மரங்களுக்கு இடையே

மரச்சரிவுகளுக்குள் போனால், பனியின் ஆழத்தைவிட முக்கியம் எவை இன்னும் மூடவில்லை என்பது. கட்டைகள், பாறைகள், ஓடைகள். "ஓடை திறந்திருக்கிறது" என்ற இரண்டு சொல் ஒருவரின் முழங்காலைக் காப்பாற்றும்.

ஸ்டோ மலையான மவுண்ட் மேன்ஸ்ஃபீல்டில் 1954 முதல் பனி ஆழத்தை அளக்கும் கம்பம் ஒன்று இருக்கிறது. அது 40 அங்குலத்தைத் தொட்டால் காட்டுக்குள் சறுக்கலாம் என்பது வடக்கு வெர்மான்ட்டில் நெடுநாள் வழக்கு. அந்த எண்ணை உங்கள் குறிப்பில் சேர்த்தால் உள்ளூர்க்காரர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். ஆனால் அது அந்த மலைக்கு, அந்த உயரத்துக்கு உரிய எண். தெற்கு வெர்மான்ட் மலைக்கு அதைப் பொருத்தாதீர்கள்.

மலை அறிக்கையில் "அடித்தளம் 24 முதல் 36 அங்குலம்" என்று போட்டிருந்தால் அது செயற்கைப் பனி போட்ட தடங்களையும் சேர்த்த கணக்கு. காட்டில் அதில் பாதிகூட இருக்காது.

7. படம்

மூன்று படம் போதும். ஒன்று, உங்கள் காலடியிலிருந்து பனியின் மேற்பரப்பு, ஸ்கீயும் சேர்ந்து தெரியும்படி, அளவு புரியும். இரண்டு, தடத்தின் முழு அகலம். ஓரமும் நடுவும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரிய. மூன்று, மோசமான இடம் ஒன்று. நல்ல இடத்தை மட்டும் படம் பிடிப்பது மனித இயல்பு. அதைத் தெரிந்தே மீற வேண்டும். மூன்றுக்கும் தடத்தின் பெயரையும் மணியையும் போடுங்கள்.

நீல வானத்தின் கீழ் எந்தப் பனியும் அழகாகத் தெரியும். படம் சொல்லாததைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

8. லிஃப்ட், காற்று, கூட்டம்

காற்றால் நிறுத்திய லிஃப்டுகள், நிறுத்திய நேரம், திறந்த நேரம். நீண்ட வரிசை எங்கே, எத்தனை நிமிடம். ஊகிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருப்பவருக்கு பத்து நிமிடம் அரைமணி போலத் தோன்றும். வண்டி நிறுத்துமிடம் எத்தனை மணிக்கு நிரம்பியது என்பதையும் சேர்த்தால் குடும்பத்தோடு வருபவர் நன்றி சொல்வார்.

9. எழுதும் வரிசை

அன்று மாலையே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நல்ல ஓட்டங்கள் மட்டும் நினைவில் நிற்கும்.

முதல் வரியில் மலை, நாள், நீங்கள் இருந்த நேரம். அடுத்து முடிவு ஒரு வாக்கியத்தில். அதற்குப் பின் தட வகை வாரியாக நிலவரம், அப்புறம் வானிலை, லிஃப்ட். கதையும் சாப்பாடும் கடைசியில். முடிவைத் தேடிப் பத்துப் பத்தி படிக்க வைத்தால் இரவு ஒன்பது மணிக்காரர் பாதியில் மூடிவிடுவார்.

நியூ ஹாம்ப்ஷயரின் வைல்ட்கேட் மலையில் கற்பனையான ஒரு நாளை வைத்து ஒரு மாதிரி:

"வைல்ட்கேட், ஜனவரி, புதன்கிழமை, 8.45 முதல் 1.30 வரை. சீவிய தடங்கள் நல்ல நிலை; மற்றவை கெட்டி. திங்களன்று மழை, பிறகு உறைவு, நேற்றிரவு இரண்டு அங்குலம். அடிவாரம் 18 டிகிரி, உச்சி 9. போல்கேட் தடம் 10.30 வரை பேக்ட் பவுடர், பிறகு மேல் வளைவுகளில் நடுவே ஃப்ரோஸன் கிரானுலர், ஓரங்கள் மென்மை. லிங்க்ஸ் மேல்பகுதியில் டஸ்ட் ஆன் க்ரஸ்ட். மூன்று இடங்களில் நிஜமான ஐஸ். மரங்களுக்குள் போகவில்லை. காற்றால் லிஃப்ட் 11.10 முதல் 11.40 வரை நின்றது. வரிசை இல்லை. விளிம்பு கடந்த வாரம் தீட்டியது. நடுத்தரமாகச் சறுக்குபவன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இருபது வருடம் சறுக்கியவரின் "சமாளிக்கலாம்" வேறு, இரண்டாம் வருடக்காரரின் "சமாளிக்கலாம்" வேறு. "போகவில்லை" என்று எழுதுவதும் அப்படித்தான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால், மற்ற வரிகளை நம்ப ஒரு காரணம் கிடைக்கிறது.

10. எழுதக் கூடாதவை

வரைபடத்தில் இல்லாத காட்டுச்சரிவுகளின் வழியைப் பொதுவில் போடாதீர்கள். சில தனியார் நிலம். சில இடங்களை உள்ளூர்க்காரர்கள் பல வருடம் அமைதியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வெர்மான்ட்டின் பிராண்டன் கேப் போல எல்லோருக்கும் என்றே திறந்துவிட்ட காட்டுச்சரிவுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தாராளமாக எழுதலாம்.

கயிறு கட்டி மூடிய தடத்துக்குள் போய்விட்டு அதன் பனியைப் புகழ்ந்து எழுத வேண்டாம். அடுத்து நாலு பேர் அந்தக் கயிற்றைத் தாண்டுவார்கள்.

அடிபட்டவரின் படம் கூடவே கூடாது. ஆபத்தான இடம் கண்ணில் பட்டால் முதலில் மலையின் பாதுகாப்புக் குழுவான ஸ்கீ பேட்ரோலிடம் சொல்லுங்கள், எழுதுவது அதன் பிறகு.

11. மறுநாள் காலை ஐந்து நிமிடம்

நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்து, இரவில் என்ன மாறியது என்று ஒரு வரி சேருங்கள்: புதுப்பனி, மழை, எத்தனை டிகிரிக்கு இறங்கியது. உங்கள் வரியை நம்பிப் போன யாராவது வேறுவிதமாகக் கண்டதாகச் சொன்னால், அவர் எந்தத் தடம், எத்தனை மணி என்று கேளுங்கள். பெரும்பாலும் இருவரும் சொன்னது சரியாகவே இருக்கும், தடமோ மணியோதான் வேறு. உங்கள் தவறு என்றால் பழைய வரியை அழிக்காமல், திருத்தத்தை அதன் கீழே மணியோடு எழுதுங்கள்.